குடத்தின் மேல் போட்ட பழி

எங்கள் குடிநீர் வாரியத்தின் ஆண்டு விழாவுக்கு அந்தப் பேராசிரியரைச் சிறப்புப் பேச்சாளராகக் கூப்பிடலாம் என்று சொன்னதே நான்தான். அதனால் இந்தக் கோபத்தில் கொஞ்சம் என் மேலேயே எனக்கு. மீதி யார் யார் மேல் என்பதைச் சொல்கிறேன்.

வாரியத்தில் நான் மக்கள் தொடர்பு அலுவலர். பேர் பெத்த பேர். எந்தத் தெருவில் என்றைக்குத் தண்ணீர் வராது என்று அறிவிப்பு எழுதுவதும், அது வெளியான பிறகு போனில் திட்டு வாங்குவதும்தான் மக்களோடு எனக்கு இருந்த தொடர்பு. திட்டுகிறவர்களில் ஒருத்தி என் சொந்த அண்ணி.

அண்ணன் குடும்பம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில் இருக்கிறது. மழை விட்டதிலிருந்து அந்தத் தெருக் குழாயில் வந்த தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. பிடித்து வைத்தால் அடியில் கறுப்பாகப் படிந்தது. வாடையைச் சொல்லவே வேண்டாம். வீட்டுக்கு வீடு மஞ்சள் காமாலை. அண்ணன் மகள் கல்லூரிப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண்ணெல்லாம் மஞ்சளாகி, கையில் குளுக்கோஸ் ஊசியோடு கிடந்தாள்.

தலைமைப் பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். அலுவலகத்தில் அவருக்கு 'வால்வு' என்று பெயர். அவர் மேசைக்கு எது போனாலும் அங்கேயே அடைபட்டுவிடும்.

"நம்ம தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்மா. நம்ம டேங்கை விட்டு வெளிய போற வரைக்கும்தான் நாம பொறுப்பு. இந்த ஜனங்க குடத்தைக் கழுவறதில்ல, தொட்டியைக் கழுவறதில்ல. வியாதி வந்தா நம்மளச் சொல்றாங்க. 'குடங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்'னு ஒரு அறிவிப்பு போட்டுடுங்க."

"சார், ஒரு தடவை தோண்டிப் பாத்துட்டா..."

"தோண்டினா ரோடு போடறவன் வந்து சண்டைக்கு நிப்பான். நீங்க அறிவிப்பைப் போடுங்க."

அறிவிப்பு வெளியானது. அன்றைக்கே அண்ணியின் போன் வந்தது.

"ஏம்மா, எங்க வீட்டுக் குடத்துல நீ தண்ணி குடிச்சதே இல்லையா? முகம் பாத்துத் தலை வார்ற மாதிரி தேச்சு வெச்சிருக்கேன். வந்து பாரு. பாத்துட்டு எழுது!"

எழுதியது நான்தானே.

ஆஸ்பத்திரியில் அண்ணன் மகளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தபோதுதான் பேராசிரியரின் புத்தகத்தைப் படித்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நகரத்தில் வந்த காலராவைப் பற்றிய தடிமனான புத்தகம். அந்த ஊர்த் தண்ணீர் அதிகாரிகள் உடைந்த குழாயைத் தோண்டிப் பார்க்காமல், ஏழைகளின் குடங்கள்தான் அழுக்கு என்று தண்டோரா போட்டு, வீடு வீடாகக் குடங்களை உடைத்தார்களாம். அந்த அதிகாரிகளை மனுஷர் உரித்துத் தொங்கவிட்டிருந்தார். படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் வால்வு சொன்னதைத்தான் அவர்களும் சொல்லியிருந்தார்கள்.

இந்த மனிதர் எங்கள் மேடையில் ஏறி இதைச் சொன்னால் போதும், அவன் அவனுக்குச் சுருக்கென்று தைக்கும் என்று நினைத்தேன். வால்வு உடனே ஒத்துக்கொண்டார். அவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"டி.வி.யில வர்றவராச்சே! கூப்பிடுங்க. போட்டோ நல்லா வரும்."

விழாவன்று பேராசிரியரை அழைத்து வர நானே காரில் போனேன். வெள்ளைத் தாடி, மெல்லிய குரல். ஓட்டுநரிடம்கூட நலம் விசாரித்தார். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் மகளைச் சொன்னேன். தெருமுனைத் தையல்காரர் போன வாரம் காமாலை முற்றி இறந்துபோனதைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கையைத் தட்டினார்.

"அடடா, அப்படியே இருக்கே! ஒரு வார்த்தைகூட மாறலையே!"

ஏதோ காணாமல் போன பொருள் கிடைத்தது போல அவர் முகம் மலர்ந்தது. அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"மேடையில இதை ஒரு வரி சொல்லுங்க சார். நான் சொன்னா காதுல வாங்க மாட்டாங்க. நீங்க சொன்னா மறுக்க முடியாது."

"பாத்துக்கலாம்மா," என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய மனிதர்கள் 'பாத்துக்கலாம்' என்றால் என்ன பொருள் என்று இத்தனை வருஷம் அரசாங்கத்தில் வேலை பார்த்த எனக்குத் தெரியாமல் போனது.

கூட்ட அரங்கு நிறைந்திருந்தது. வர மாட்டேன் என்றவர்களையும் பிரிவு வாரியாகக் கணக்கெடுத்து உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் நான்தான் ஒலிவாங்கியோடு நிகழ்ச்சியை நடத்தினேன்.

பேராசிரியர் பேசினார். பேச்சா அது! அந்த ஊர்ச் சந்துகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. குடம் உடைகிற சத்தம் காதில் கேட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி உடைந்த குடத்துச் சில்லை மடியில் வைத்துக்கொண்டு அழுததைச் சொன்னபோது கணக்குப் பிரிவில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

"குழாயைத் தோண்டிப் பார்க்கத் துணியாதவர்கள் குடத்தை உடைத்தார்கள்!" என்று அவர் குரலை உயர்த்தியதும் கைதட்டல் காதைப் பிளந்தது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் வால்வு. பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து, "என்ன ஜென்மங்க பாருங்க, அந்தக் காலத்து ஆளுங்க!" என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது.

சுருக்கென்று யாருக்காவது தைத்ததா என்று முகம் முகமாகப் பார்த்தேன். ஒருவருக்கும் தைக்கவில்லை. நல்ல சினிமா பார்த்த முகங்கள்.

அந்த ஒரு வரி இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு. வாரியத்தின் பழைய ஆவண அறையைத் தன் அடுத்த புத்தகத்துக்காகத் திறந்துவிடச் சம்மதித்ததற்குத் தலைமைப் பொறியாளருக்கு நன்றி என்றார். "இவ்வளவு திறந்த மனசுள்ள நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை" என்றார். வால்வு எழுந்து நின்று கும்பிட்டார். புகைப்படக்காரர் பாய்ந்து வந்தார்.

யாருக்காவது கேள்வி உண்டா என்று நான் கேட்க வேண்டிய நேரம் அது. கேட்டேன். யாரும் எழவில்லை. ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு சார். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால இருக்கிற தெருவுல இப்ப காமாலை. ஒருத்தர் செத்துட்டார். குழாயைத் தோண்டாம குடத்தைக் கழுவச் சொல்லி நாங்க அறிவிப்பு போட்டிருக்கோம். நான்தான் எழுதினேன். வர்ற வழியில உங்ககிட்ட சொன்னேன். இதைப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அழகாகச் சிரித்தார்.

"நான் வரலாற்று ஆசிரியன்மா. இன்னைக்கு நடக்கறதைப் பத்தி நான் பேசினா அது ஜோசியம் ஆயிடும். ஐம்பது வருஷம் கழிச்சுக் கேளுங்க, கட்டாயம் சொல்றேன்!"

அரங்கமே சிரித்தது. இறுக்கம் போன நிம்மதியில் கொல்லென்று சிரித்தது.

"அதுவரைக்கும் அந்தத் தெருவுல ஆள் இருக்கணுமே சார்," என்றேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. வால்வு எழுந்து வந்து என் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்காத குறையாக வாங்கி, "வெளியில டீ ரெடியா இருக்கு, எல்லாரும் வாங்க," என்றார்.

காரில் ஏறும்போது பேராசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார். கோபம் இல்லை, வருத்தம்தான் அவருக்கு.

"சபையில அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. அந்த ஆவண அறைக்காக நான் எத்தனை வருஷம் அலைஞ்சிருக்கேன் தெரியுமா? அதை எழுதினா எத்தனை பேருக்கு உண்மை தெரியும்?"

"செத்தவங்களைப் பத்தின உண்மைதானே சார்?"

அவர் காருக்குள் உட்கார்ந்தார். கார்க் கண்ணாடி ஏறியது.

பத்திரிகைகளுக்குச் செய்திக் குறிப்பு அனுப்புவதும் என் வேலைதான். பேராசிரியர் வாரியத்தைப் பாராட்டியதாக எழுதச் சொன்னார் வால்வு. எழுதினேன். பாராட்டையும் எழுதினேன், என் கேள்வியையும் எழுதினேன், பேராசிரியரின் பதிலையும் எழுத்துப் பிசகாமல் எழுதினேன். வால்வுக்குக் காட்டாமல் அனுப்பிவிட்டேன். மற்றப் பத்திரிகைகள் பாராட்டைப் போட்டன. ஒன்று மட்டும் கேள்வியைப் போட்டது.

அடுத்த நாள் காலை வாரியத்தின் வாசலில் குடங்கள். அந்தத் தெருப் பெண்கள் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் பளபளவென்று மின்னியது. முன்னால் நின்றது அண்ணி.

"எங்க, எது அழுக்குன்னு உங்க பெரிய இன்ஜினியரையே வந்து காட்டச் சொல்லு!" என்று காவலாளியிடம் கத்திக்கொண்டிருந்தாள். அதிகாரிகளின் கார்கள் உள்ளே நுழைய முடியாமல் சாலையிலேயே நின்றன.

அன்றைக்கே தோண்டினார்கள். சாக்கடைக் குழாய் உடைந்து, விரிசல் விட்ட குடிநீர்க் குழாயின் மேலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. புதுக் குழாய் போட்டார்கள். தண்ணீர் தெளிந்தது. 'வழக்கமான பராமரிப்புப் பணி' என்று அறிவிப்பு போனது. அதை எழுதியது நான் இல்லை. அதற்குள் என்னை ஊர்க்கோடியில், துருப்பிடித்த மீட்டர்கள் குவிந்து கிடக்கும் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். தையல்காரரின் மனைவியிடம் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அண்ணன் மகள் தேறி வந்தாள். ஆனால் பரீட்சை போனது, ஒரு வருஷம் போனது.

சில மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி துணி மடித்துக்கொண்டே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் பேராசிரியர். பார்வையாளர்கள் போன் செய்து பேசுகிற நேரடி நிகழ்ச்சி.

"வரலாறு இன்றைய வாழ்க்கைக்குப் பயன்படுமா?" என்று தொகுப்பாளர் கேட்டார்.

"நிச்சயமா. சமீபத்துல ஒரு குடிநீர் வாரியத்துல பேசினேன். என் பேச்சைக் கேட்டதும் அதிகாரிகளுக்கு மனசாட்சி உறுத்தி, ஒரு தெருவையே தோண்டிக் குழாயை மாத்தினாங்க. அது எனக்கு விருது வாங்கின மாதிரி."

அவரை அழைத்து வந்த பாவம் என்னுடையது என்று எழுந்து போகப் பார்த்தேன். துணியைத் தூக்கி எறிந்துவிட்டு அண்ணி போனை எடுத்தாள்.

"விடுங்க அண்ணி. நம்ம பேச்சு எடுபடாது."

"நீ விட்டுடு. நீ அரசாங்கத்து ஆளு. நான் எதுக்கு விடணும்?"

திரையில் ஓடிய எண்ணைப் பார்த்து அழுத்தினாள். கிடைக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். அவள் விடாப்பிடியாக அழுத்தியதில் ஒரு கட்டத்தில் கிடைத்தேவிட்டது. அவள் குரல் டி.வி.யிலிருந்தும் கேட்டது.

"ஐயா, நான் அந்தத் தெருக்காரி பேசறேன்."

பேராசிரியர் மகிழ்ச்சியோடு நிமிர்ந்தார். "சொல்லுங்கம்மா!"

"உங்க பேச்சைக் கேட்டு யாரும் தோண்டல. எங்க நாத்தனார் கேள்வி கேட்டா. நீங்க அவளைக் கேலி பண்ணினீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நாங்க குடத்தைத் தூக்கிட்டுப் போய் வாசல்ல உக்காந்தோம். அப்புறம்தான் தோண்டினாங்க. எங்க தையல்காரர் செத்ததை யாராவது..."

இணைப்பில் கோளாறு என்றார் தொகுப்பாளர். பேராசிரியரின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியிருந்தது. எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

அண்ணி நிறுத்தவில்லை. செத்துப்போன போனைக் காதில் வைத்துக்கொண்டு, தையல்காரரின் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பது வரை சொல்லிக்கொண்டே போனாள். நான் போனை அவள் கையிலிருந்து வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.