மரண உதவிச் சங்கத்தின் பால் மெசின்

ஜெஸ்லியாவின் பிரசவ லீவு முடியப்போகிறது. கொண்டச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். வீடு இருக்கிற பள்ளிமுனையிலிருந்து விடிய வெளிக்கிட்டு பஸ் ஏறினால் திரும்பி வரப் பின்னேரமாகிவிடும். அதுவரை கைக்குழந்தை என்ன குடிக்கும் என்பதுதான் வீட்டில் ஓயாத பேச்சு. பால்மா கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை அதை வாயில் வாங்கி, கொஞ்சம் யோசித்து, மாமி அன்ரோனெற்றின் சட்டையிலேயே திருப்பிக் கொடுத்தது. வேறு பால்மா வாங்கினார்கள். அதற்கும் அதே மரியாதைதான்.

வேலையை விட ஜெஸ்லியாவுக்கு மனமில்லை. அடம்பிடித்துப் படித்து வாங்கிய வேலை. பிள்ளையை அழவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடந்து அவள் தவித்தாள்.

மிட்வைஃப் மிஸ் வந்து ஒரு வழி சொன்னார். பால் எடுக்கிற மெசின். பள்ளிக்கூடத்தில் வைத்துப் பாலை எடுத்து, ஐஸில் வைத்துக் கொண்டுவந்தால், அடுத்த நாள் மாமி பிள்ளைக்குப் பருக்கலாம். டவுன் மருந்துக்கடை ஒன்றில் சின்ன மெசின் விலைக்கும் பெரிய மெசின் வாடகைக்கும் இருந்தது. சின்னதை ஒருத்திதான் பாவிக்கலாம், பால் மோட்டருக்குள் போய்விடும் என்றார் மிஸ். பெரியதில் அந்தப் பயமில்லை. குழாயையும் கிண்ணத்தையும் ஒவ்வொருத்தியும் தனக்கென்று வாங்கிக்கொண்டால், மெசினை ஊரே மாறி மாறிப் பாவிக்கலாம்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று ஜெஸ்லியா புருஷனிடம் கேட்டாள். அதுதான் அவள் விட்ட பிழை. றொசாந்தன் படகு எஞ்சின் திருத்துகிறவன். மெசினின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்து, சின்னதன் மோட்டர் ஒரு சோளகக் காற்றுக்கும் தாங்காது என்றான். பெரியது நல்ல எஞ்சின்தான், ஆனால் வாடகை எஞ்சினை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது என்றான். கடலுக்கு ஆர் போகினம் என்று அவள் கேட்டாள். அதற்காக அவன் பேச்சை நிறுத்தவில்லை.

முடிவு சொல்ல வேண்டியவர் றொசாந்தனின் தகப்பனார், மாமா அருட்பிரகாசம். அவர் வார்டின் மரண உதவிச் சங்கத் தலைவர். சங்கத்துக் கதிரைகள், சோறு காய்ச்சுகிற கிடாரங்கள், பந்தல் தகரங்கள் எல்லாம் அவர் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கின்றன. செத்த வீட்டுக்கு மட்டுமல்ல, கலியாணம், பிள்ளைகளின் முதல் நன்மைப் பூசை எதுவென்றாலும் சாமான் வாடகைக்கு எடுக்கச் சனம் அந்த அறை வாசலுக்குத்தான் வரும். ஒவ்வொரு சாமானிலும் சங்கத்தின் பெயரைச் சிவப்புப் பெயின்ற்றால் அவரே எழுதிவைத்திருக்கிறார். கரண்டியைக் கூட விடவில்லை.

"வாடகைக்குக் குடுக்கிற ஆக்கள் நாங்கள். எடுக்கிற ஆக்கள் இல்லை," என்றார் மாமா.

அப்படியானால் வாங்குவோம் என்றாள் ஜெஸ்லியா. அதற்கும் அவர் தலையாட்டவில்லை. கொஞ்ச மாதம் பாவித்துவிட்டு மூலையில் போடுகிற சாமானுக்குக் காசைக் கரைப்பதா என்றார். றொசாந்தனே பால்மாவில் வளர்ந்தவன்தான் என்றும் சொன்னார். ஜெஸ்லியா புருஷனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். மாமிதான் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போனாள்.

இவ்வளவு பேச்சுக்குள்ளும் மாமா அந்த மெசினின் பெயரை ஒருமுறையும் வாயால் சொல்லவில்லை என்பதை ஜெஸ்லியா கவனித்தாள். "அந்தச் சாமான்" என்பார். சொல்லும்போது கண் மேலே சுற்றும் ஃபானுக்குப் போய்விடும். ஊரையே அதட்டி வேலை வாங்குகிற மனிதர் பிள்ளை குடிக்கிற பாலுக்குக் கூச்சப்படுகிறார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு குறும்பு யோசனை பிறந்தது.

"சங்கம் பெரிய மெசினை வாங்கினால், நான் சங்கத்திட்ட வாடகைக்கு எடுக்கலாம்தானே மாமா?" என்று சாப்பாட்டு நேரம் பவ்வியமாகக் கேட்டாள்.

மாமா சிரித்துவிட்டார். சங்கக் கூட்டத்தில் வைத்துப் பாரும் பிள்ளை என்றார். பின்வரிசை வாங்கில் இருந்து எதையும் எதிர்க்கிற பஸ்ரியனின் ஆட்கள் அதைக் கவிழ்த்துவிடுவார்கள், தனக்குக் கெட்ட பெயரும் வராது என்பது அவர் கணக்கு.

பாவம், தான் போட்ட விதியை அவரே மறந்துபோனார். பஸ்ரியன் ஆட்களின் கூச்சல் தாங்காமல் முன்பொருக்கால் அவர்தான் சட்டம் போட்டவர். சங்கம் புதுச் சாமான் வாங்கும்போது எதிர்ப்பு உள்ளவர் முன்னால் வந்து, மைக்கைப் பிடித்து, சாமானின் பெயரையும் எதிர்க்கிற காரணத்தையும் சபைக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எதிர்ப்பு செல்லாது. விதி போட்ட நாளிலிருந்து பின்வரிசை வாங்கில் பாதி அமைதி.

ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. மாமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வார்டுப் பெண்களை முன்வரிசையில் நிரப்பியிருந்தாள். ஜெஸ்லியா மைக்குக்கு முன்னால் வந்து, வகுப்பில் பாடம் தொடங்குகிற குரலில் சொன்னாள்.

"தாய்ப்பால் எடுக்கிற மெசின் ஒண்டு சங்கம் வாங்கோணும். செத்த வீட்டுக்குக் கதிரை குடுக்கிறம். பிறந்த வீட்டுக்கு இதைக் குடுத்தால் என்ன?"

ஆண்களில் பாதிப்பேர் கூரையைப் பார்த்தார்கள், மிச்சப்பேர் மாதா சுரூபத்தைப் பார்த்தார்கள். நண்டுக் கொம்பனிக்குப் போகிற பெண்கள், அரசாங்கக் கந்தோருக்குப் போகிற பெண்கள் எல்லாருக்கும் இது உதவும் என்று ஜெஸ்லியா விளக்கிவிட்டுத் திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். லீவு முடிய எட்டு நாள்தான் இருந்தது. இது சரிவராவிட்டால் அதற்குள் வேலையா பிள்ளையா என்று அவள் ஒன்றைத் தெரிவுசெய்தாக வேண்டும்.

எதிர்ப்பு உள்ளவர்கள் வரலாம் என்றார் மாமா. பஸ்ரியன் எழும்பினான். பாதி தூரம் வந்தான். முன்வரிசையில் தன் மனைவியும் இரண்டு மச்சாள்மாரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதைக் கண்டான். அப்படியே திரும்பி, தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல வெளியே போய்விட்டான். அவன் பின்னால் எழும்பியவர்களும் அவசரமாகத் திரும்ப வாங்கில் இருந்துவிட்டார்கள்.

மாமா இரண்டாந்தரமும் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. வேறு வழியில்லாமல் தலைவர் கதிரையிலிருந்து இறங்கித் தானே மைக்கைப் பிடித்தார்.

"இந்தச் சாமான்..." என்று தொடங்கினார்.

"மாமா, பேரைச் சொல்லோணும். நீங்கள் போட்ட விதிதான்," என்றாள் ஜெஸ்லியா, இருந்த இடத்திலிருந்தே, மிகுந்த மரியாதையோடு.

அவர் அவளைப் பார்த்த பார்வையில் பச்சை மீனே வறுபட்டிருக்கும். மைக் ஒருக்கால் கூவி ஓய்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை மாமியின் தோளில் கிடந்து பசியில் வீரிட்டது. பேத்தியின் குரலைக் கேட்டதும் மனுசனின் முகம் இளகிவிட்டது. தொண்டையைச் செருமினார். கண்ணை ஃபானுக்குக் கொண்டுபோகாமல் சபையை நேரே பார்த்தார்.

"தாய்ப்பால் எடுக்கிற மெசின்," என்றார், மண்டபம் அதிர. கூரை இடிந்து விழவில்லை. சுரூபமும் முகத்தைத் திருப்பவில்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். பிறகு சொன்னார், "பேரைச் சொல்லிப்போட்டன். காரணம்தான் ஒண்டும் வருகுதில்லை."

முன்வரிசை சிரித்த சிரிப்பில் பிள்ளை அழுகையை நிறுத்தியது. மெசின் வாங்குவதென்று முடிவாயிற்று.

கொழும்பிலிருந்து மெசின் வந்த அன்றே மாமா பெயின்ற் டப்பாவோடு குந்திவிட்டார். காய்ந்ததும் பின்னறை வாசலுக்கு வெளியே வந்து நின்று, மருமகளுக்காக மெசினைத் தானே வாடகைக்குக் கேட்டார். பிறகு உள்ளே போய்த் தலைவராக நின்று தன் காசைத் தானே வாங்கிக்கொண்டார். வாடகைக்கு எடுக்காத வம்சம் அன்றோடு முடிந்தது. றொசாந்தன் மெசினைக் கழற்றிப் பார்க்கக் கேட்டான். ஜெஸ்லியாவிடமிருந்து கையில் ஒரு அடி விழுந்தது. அதன்பிறகு ஒழுங்காக, மீன் படாத, குளிர் காக்கிற புது றெஜிபோம் பெட்டி ஒன்றில் ஐஸ் போட்டுக் கொடுத்தான்.

லீவு முடிந்த திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்து ஆய்வுகூட அறையைப் பூட்டிக்கொண்டு ஜெஸ்லியா மெசினைப் போட்டாள். அது மெல்ல உறுமியது. முதலில் ஒன்றும் வரவில்லை. பயம் பிடித்தது. குனிந்து பார்த்தாள். மெசினின் நெற்றியில் சிவப்பு எழுத்தில், மாமாவின் கையெழுத்தில், "மரண உதவிச் சங்கம்" என்று பெரிதாக எழுதியிருந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க உடம்பு இளகி, கிண்ணத்தில் பால் விழத் தொடங்கியது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அவளுக்கு அவ்வளவு சந்தோசம்.

வெளியே வந்தபோது சக ஆசிரியை ஒருத்தி, அடுத்த மாதம் பிள்ளை பெறப்போகிறவள், மெசினைத் தொட்டுப் பார்த்து மெல்லக் கேட்டாள், வாங்கினதோ, வாடகையோ என்று.

"ரெண்டுமில்லை டீச்சர்," என்றாள் ஜெஸ்லியா. "மாமாவை மைக்கில பேர் சொல்ல வச்சு எடுத்தது."