கடலுக்கு முதுகு காட்டி

பெரியப்பாவின் கடவுச்சீட்டில் அவருடைய இரண்டு மகள்களின் பெயர்களும் பிறந்த திகதிகளும் எழுதப்பட்டிருந்தன. பிள்ளைகளின் படம் இல்லை. அதனால்தான் ஒன்பது வயதுச் சிவகலா கடல்நாய் பார்க்கப் போக முடிந்தது.

1985 ஓகஸ்ட். பிரான்சின் வடக்குக் கரையில் கடல்நாய்கள் மணல்திட்டில் ஏறிப் படுத்திருக்கும் என்று பெரியப்பா இராஜேந்திரனுக்கு வேலையிடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஓர் இரவு தங்கிப் பார்த்துவர எல்லா ஏற்பாடும் முடிந்தபின் இளைய மகள் தயாநிதிக்குக் கூகைக்கட்டு வந்து கன்னங்கள் வீங்கிவிட்டன. சுவிஸில், ஓர்லிகோனில் மேல்மாடியில் இருந்த பெரியம்மா பரமேஸ்வரி, கீழ்வீட்டுக்கு, சிவகலாவின் அம்மாவிடம் இறங்கி வந்தாள்.

“மனோகரி, நீ என்ர சின்னவளைப் பார். நான் உன்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன். கேட்டா, தயாநிதி எண்டு சொல்லட்டும். எங்கட பிள்ளையள் எல்லாம் வெள்ளைக்காரனுக்கு ஒரே முகம்தானே.”

பெரியப்பா வீட்டாருக்கு அங்கே தங்கப் பேர்மிற் கிடைத்திருந்தது. சிவகலாவின் குடும்பத்தின் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அவர்கள் யாரும் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆனால் மகள் ஒரு கிழமையாகக் கடல்நாய் குரைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவளுடைய தலையை இறுக்கிப் பின்னினாள்.

“வாய் தவறி உன்ர பேரைச் சொன்னியோ, அப்பாவின்ர கேஸ் முடிஞ்சுது. எல்லாரையும் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள். விளங்குதோ?”

“ஓம்.”

கார் புறப்பட்டதும் பெரியப்பாவின் மூத்த மகள், பதினொரு வயதுச் சுமித்ரா, பாடம் எடுக்கத் தொடங்கினாள்.

“உன்ர பேர் என்ன?”

“தயாநிதி.”

“முன்னாலை இருக்கிறது ஆர்?”

“பெரிய... அம்மா.”

சுமித்ரா அவள் தொடையில் கிள்ளினாள். பெரியம்மா திரும்பாமலே சிரித்தாள். “நல்லாக் கிள்ளடி, அப்பதான் மனசிலை நிக்கும்.”

போகும்போது எல்லைக் காவலர் கையை அசைத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை கடல் வற்றி வெகுதூரம் போயிருந்தது. மணல்திட்டில் ஏழு சாம்பல் நிறக் கற்கள் கிடப்பதைச் சிவகலா கண்டாள். பெரியப்பா தொலைநோக்கியை அவள் கண்ணில் வைத்தார். ஒரு கல் தன் வயிற்றைத் தானே சொறிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது தலையைத் தூக்கி நேராகத் தன்னையே பார்த்ததாக நினைத்தாள்.

பெரியப்பா அப்பால் நகர்ந்ததும் சுமித்ரா தொலைநோக்கியைப் பிடுங்கினாள்.

“உனக்குக் காணும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லு.”

“ஏனக்கா?”

“இது தங்கச்சி பாக்கவேண்டியது. அவள் அங்கை அழுதுகொண்டு கிடக்கிறாள். நீ திரும்பினா, எல்லையிலை உன்ர பேரைச் சொல்லிப்போடுவன். பிறகு கொப்பருக்கு ஜெயில்தான்.”

சிவகலா திரும்பி நின்றாள். எதிரே கார்கள், ஒரு குப்பைத்தொட்டி, ஐஸ்கிரீம் விற்கும் வண்டி. முதுகுக்குப் பின்னால் கடல் இருந்தது.

“அப்பா, அங்கை குட்டி! தாயின்ர முதுகிலை ஏறுது!” என்று சுமித்ரா வேண்டுமென்றே உரக்கக் கத்தினாள். காற்றில் ஒரு சத்தம் வந்தது. அது நாயின் குரலும் இல்லை, குழந்தையின் குரலும் இல்லை. சிவகலாவின் கழுத்து நொந்தது. அவள் அசையவில்லை.

“ஏன் இவள் அந்தப் பக்கம் பாக்கிறாள்?” என்றாள் பெரியம்மா.

“கண் கூசுதாம்.”

“கடல் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தா குப்பைத்தொட்டியைப் பாக்குது. தாயைப் போலத்தான், ஒண்டும் விளங்காத சென்மம்.”

திரும்பலாம் என்று சுமித்ரா சொன்னபோது கடல் ஏறி மணல்திட்டை மூடியிருந்தது. தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

மாலையில், சுவிஸுக்குத் திரும்பும் வழியில், பாசல் எல்லையில் நீண்ட வரிசை. அன்று ஒவ்வொரு காரையும் நிறுத்திப் பார்த்தார்கள். பெரியப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“பரமேஸ், பிடிபட்டமோ, எங்கட பேர்மிற்றையும் பறிச்சுப்போடுவாங்கள். களவாய் ஆள் கொண்டுவந்தது எண்டுதான் எழுதுவாங்கள். உன்ர யோசினைதானே இது!”

“மெல்லக் கதையுங்கோ.”

பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த சுமித்ராவின் வாய் நின்றது. சிவகலா அவளைப் பார்த்தாள். தன் பெயரைச் சொன்னால் அப்பா மட்டும் போகமாட்டார், இந்தக் காரில் உள்ள எல்லோரும் போவார்கள். அது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

காவலர் கடவுச்சீட்டை விரித்துப் பின்னிருக்கைக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர். சிவகலாவைப் பார்த்துச் சிரித்து, சுவிஸ் ஜெர்மனில் பெயரைக் கேட்டார்.

அவள் பேசவில்லை.

அவர் மறுபடியும் கேட்டார். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். காவலர் விரலை உயர்த்தித் தடுத்தார். அவர் இப்போது சிரிக்கவில்லை.

“சொல்லு, பிள்ளை,” என்றாள் பெரியம்மா. அவளுடைய குரல் கிழிந்தது. “சொல்லு, ராசாத்தி.”

சிவகலா சுமித்ராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் வெளிறுவதை, உதடு நடுங்குவதை, கண் நிரம்புவதை ஒன்றும் விடாமல் பார்த்தாள். காலையில் இழந்ததெல்லாம் இங்கே இருப்பதுபோல் ஆசை தீரப் பார்த்தாள். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

“தயாநிதி,” என்றாள்.

எல்லையைத் தாண்டி முதல் வளைவில் பெரியப்பா காரை நிறுத்தினார். பெரியம்மா இருக்கையில் மண்டியிட்டுப் பின்பக்கம் எட்டி அவளுடைய கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

“ஏனடி வாயை மூடிக்கொண்டிருந்தனி?”

காது இரைந்தது. சிவகலா அழவில்லை. பக்கத்து இருக்கையை விரலால் சுட்டிக் காட்டினாள்.

“அக்கா மூத்திரம் பேஞ்சிட்டா, பெரியம்மா,” என்றாள்.