மூக்கில் ஓர் ஓட்டை

வார்னிஷ் அடித்தால் காயும்வரை சும்மா இருக்க வேண்டும். அது அண்ணனின் ஜாதகத்திலேயே கிடையாது. ஷெட்டுக்குள் போவார், பலகையை விரல் நுனியால் தொடுவார், பிசுபிசுக்கும், வெளியே வருவார். வாசலில் ஒரு நடை. மறுபடி உள்ளே.

“தொட்டுத் தொட்டே அதைக் காயவிடாம பண்ணிடுவீங்க,” என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பலகையை ஏரிக்குக் கொண்டுபோக மத்தியானம் தம்பி வருகிறான். ஏரியில் நின்றபடி துடுப்புப் போட்டுப் போகும் பலகை இது. எடை குறைவதற்காக உள்ளே கூடாக விட்டு, மேலே மெல்லிய மரம் ஒட்டி, இந்த ஷெட்டில்தான் தம்பி செய்தான். முன்பு இருவரும் சேர்ந்து சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். தம்பி முடுக்கிய ஒவ்வொரு நட்டையும் அண்ணன் இன்னொரு தரம் முடுக்குவார். ஒருநாள் தம்பி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். வருஷக்கணக்கில் பேச்சில்லை. இப்போதுதான் அவனாக வந்து, “வார்னிஷ் மட்டும் நீ அடிச்சு வை அண்ணா” என்றிருக்கிறான். இதையும் கெடுத்துக்கொண்டால் அவன் மறுபடி வரமாட்டான் என்று அண்ணனுக்குத் தெரியும்.

காலையில் வார்னிஷ் அடிக்கும்போது பலகையின் முன்நுனியில், மூக்குப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை கண்ணில் பட்டது. பாவம், துளை போட்டதில் இடம் தவறிவிட்டான் போலிருக்கிறது. தம்பியின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேலே வார்னிஷையும் இழுத்துவிட்டார். பிறகும் பொறுக்கவில்லை. சீக்கிரம் காயட்டும் என்று, மனைவியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, பலகையை வெயிலில் கொண்டுபோய் வைத்தார்.

தம்பி கேட்டைத் திறக்கவும் பலகை ‘டக்’ என்றது. மேல்மரம் உப்பியிருந்தது. ஓரத்தில் ஒட்டு விட்டு மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தது.

தம்பி பலகையின் மூக்கைத் தடவினான். “இங்க ஒரு ஓட்டை விட்டிருந்தேனே?”

“தப்பா விழுந்திருக்குன்னு அடைச்சுட்டேன்.”

“உள்ள இருக்கற காத்து வெயில்ல விரியும் அண்ணா. அது வெளிய போகத்தான் அந்த ஓட்டை.”

கடையை விட்டுப் போன அன்று இருந்த அதே முகம். ‘முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே’ என்று நாக்கு நுனிவரை வந்ததை அண்ணன் விழுங்கினார்.

“உன்னைக் கேட்டிருக்கணும். தப்பு என்னுது. இப்ப என்ன பண்ணணும், சொல்லு.”

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அண்ணன் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வியை அவன் கேட்டதே இல்லை.

“நிழலுக்குத் தூக்கணும். அந்தப் பக்கம் பிடி.”

ஷெட்டில் வைத்துப் பட்டியைத் துளைத்தான். ‘உஸ்’ஸென்று காற்று வெளியேற, மரம் மெல்ல அடங்கியது.

“ஓரத்துல பசை வைக்கணும். இன்னிக்கு ஏரி கிடையாது. அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்ப வரேன்.”

“வாடா,” என்றார் அண்ணன்.

தம்பி பசை வைத்தான். அது ஒரு பக்கமாக வழிந்தது. அண்ணனுக்குக் கை பரபரத்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.