பௌர்ணமிக்கு மறுநாள் பத்து மணி

அமெரிக்காவின் ஓசார்க் மலைக்காட்டில் வெர்னன் பன்னிரண்டு வருடமாக நிலாவையும் வான்கோழியையும் ஒரே நோட்டில் எழுதி வந்தான். எந்தப் பிறையில் சேவல் எப்போது கத்தியது, மரத்தை விட்டு எப்போது இறங்கியது, எல்லாம். அத்தனை பக்கத்திலும் அவன் கண்டது ஒன்றுதான்: பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் சேவல் வாயே திறக்காது, பத்து மணிக்கு மேல் சத்தமில்லாமல் நடந்து வரும்.

மனைவி ஓப்பலின் அண்ணன் ஹார்லனுக்கு இதைக் கேட்டாலே சிரிப்பு.

"மாப்ள, வான்கோழி என்ன பஞ்சாங்கம் பாத்தா இறங்குது?"

"நீ சிரி மச்சான். நாளைக்கு வேட்டை சீசனுக்குக் கடைசி நாள், பௌர்ணமிக்கு மறுநாளும்கூட. பாத்துடலாம்."

"பாத்துடலாம். பகல் ஒரு மணிக்குள்ள நீ ஒரு சேவலோட வரலைன்னா அந்த நோட்டு அடுப்புக்குள்ள. சரியா?"

வீறாப்பில் "சரி" என்றுவிட்டான் வெர்னன். இரவெல்லாம் அந்த ஒரு சொல் நெஞ்சில் முள்ளாக உறுத்தியது.

காலையில், விடியும்போதே காட்டில் உட்கார்ந்த ஹார்லன் எட்டு மணிக்கெல்லாம் திரும்பி வந்தான். "ஒரு சத்தமும் இல்ல. நான் தூங்கப் போறேன். நீ போய் உன் நிலாவைச் சுடு" என்று கொட்டாவி விட்டான்.

ஒன்பதரைக்கு வெர்னன் ஒரு ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். வான்கோழியைக் கூப்பிடவென்றே செய்த தேவதாரு மரப்பெட்டியின் மூடியை மெல்லத் தேய்த்து, பெட்டைபோலக் கூப்பிட்டான். சரிவுக்கு அப்பாலிருந்து ஒரு பெட்டை பதில் சொன்னது. பெட்டை இருந்தால் பின்னால் சேவல் வரும். இவன் கொஞ்சினான், அது கொஞ்சியது. நாற்பது நிமிடம் பேச்சு ஓயவில்லை. அதுவோ ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

பத்தே முக்காலுக்கு சேவல் வந்தது. சத்தமே இல்லை. மார்பில் தொங்கும் தாடி தரையைத் தொட, இறகு விரித்து, கல்யாண மாப்பிள்ளைபோல வந்தது. வெர்னன் துப்பாக்கியைத் தூக்கவிருந்தான். சேவலுக்கு நேர் பின்னால், ஒரு மரவேரை ஒட்டி, சிவப்புக் கயிறு கட்டிய பூட்ஸ் ஒன்று தெரிந்தது.

அந்தக் கயிறு யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

துப்பாக்கியை மடியிலேயே கிடத்தினான். நோட்டு போயிற்று. சேவல் இரண்டு மரங்களுக்கும் நடுவே நிதானமாகக் கடந்து, புதருக்குள் மறைந்தது.

"மச்சான், சுட்டுடாத, நான்தான்," என்றான் கடைசியில், உரக்க.

மரத்துக்குப் பின்னாலிருந்து ஹார்லனின் தலை எட்டிப் பார்த்தது. "அட எழவே. அந்தப் பெட்டை நீயா?"

"அப்போ எனக்குப் பதில் சொன்ன பெட்டை நீதான். தூங்கப் போறேன்னியே?"

ஹார்லன் எழுந்து, ஒட்டாத மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தான். "தூக்கம் வரல."

"பத்து மணிக்கு மேல மட்டும் வரலையாக்கும்!"

ஹார்லனுக்குக் காது சிவந்தது. இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அடுப்படியில் வெர்னன், சொன்ன சொல் தவறாமல், நோட்டை எடுத்து நீட்டினான். ஹார்லன் அதை வாங்கிப் புரட்டினான். அடுப்புப் பக்கம் போகவில்லை. மேசையில் உட்கார்ந்து பென்சிலைத் தேடினான்.

"பத்தே முக்காலா, பத்து அம்பதா?"

"பத்தே முக்கால்."

எழுதிவிட்டுத் தலை தூக்காமலே கேட்டான்: "அடுத்த வருஷம் சீசன்ல பௌர்ணமி என்னைக்கு விழுது?"

"நீ தூங்கற நாள் பாத்து விழும், மச்சான்," என்றான் வெர்னன்.