யாருடைய ஒப்புதல்

"நிறுத்து. அந்த வரிய மறுபடி படி," என்றாள் அக்கா.

அவன் கைப்பேசித் திரையைத் தள்ளி மறுபடி வாசித்தான். "அனுப்பும் முன் ஒப்புதலை உறுதி செய்யவும்."

மருத்துவமனைக் கட்டிலில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, அவள் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவன், அந்த வருடம் மட்டும் அவளுக்குப் பலமுறை கண்ணாடி மாற்றிக் கொடுத்திருந்தான். இப்போது எந்தக் கண்ணாடியும் உதவவில்லை. நோய் கண்ணுக்கும் வந்துவிட்டது. அதனால்தான் அவன் வாசிக்கிறான்.

மென்பொருள்களின் விளக்கக் குறிப்புகளைப் படித்து, தேறுமா தேறாதா என்று சொல்வது அவள் வேலை. ஒரு காற்புள்ளியைக்கூட விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குக் காற்புள்ளி என்றே பெயர். இந்த முறை வந்தது பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டில் வேலை செய்யும் ஒரு கருவியின் குறிப்பு. படிக்கப்போவது மனிதர்கள் இல்லை. சொன்ன வேலையைத் தாமே செய்து முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டுகள். ஒருவர் பெயரில் இருக்கும் பணத்தை இன்னொருவர் பெயருக்கு அனுப்பி அந்தப் பதிவேட்டில் பதிந்துவிட்டால், பிறகு யார் நினைத்தாலும் அழிக்க முடியாது. வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறோம் என்று அலுவலகத் தோழி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அக்கா விடவில்லை.

"யாரோட ஒப்புதல்னு எழுதலையே," என்றாள்.

இது தெரியாதா, யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள் என்றான் அவன்.

"நீ படிச்சா சந்தேகம் வரும், போய்க் கேப்ப. ஏஜென்ட் தன்னையே கேட்டு, தானே சரின்னு சொல்லிக்கும்." மூச்சு வாங்கியது. "எழுதினவனுக்கு யாரைன்னு நல்லா புரிஞ்சிருக்கு, அதனால எழுதாம விட்டுட்டான். அதான் தொல்லையே."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வரியைத் தொடங்கியவன் பாதியில் நின்றான். காலையில் மருத்துவர் அவனை வெளியே அழைத்திருந்தார். இன்றைக்கே மூச்சுத் திணறலாம், தொண்டையில் குழாய் இறக்கிச் சுவாச இயந்திரத்தில் வைக்கலாம், ஆனால் அதன்பின் பேச முடியாது, மீண்டு வருவாள் என்று தனக்கு நம்பிக்கையும் இல்லை என்றார். அக்காவின் விருப்பம் என்ன என்று கேட்டார். வைக்கச் சொல்கிறாள் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவளிடம் வாயே திறக்கவில்லை.

"ஏன்டா நிறுத்திட்ட?"

கைப்பேசியை மடியில் கவிழ்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். அக்கா கண்ணைத் திறந்தாள்.

"பயந்துட்டியா?"

"ம்."

"எனக்கு வேண்டாம்டா. பேச்சு இருக்கிறவரைக்கும் இருக்கேன்."

இன்னும் சில நாள் கிடைக்குமே என்று கெஞ்சினான். அவள் கையை நீட்டித் துழாவி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ தனியா ஆயிடுவேன்னு பாக்குற."

அவன் எழுந்து போய், அக்காவைக் கேட்காமலேதான் சொன்னேன் என்று மருத்துவரிடம் ஒப்புக்கொண்டான். அவர் கோபிக்கவில்லை. உள்ளே வந்து, கட்டிலருகே குனிந்து அவளையே கேட்டார். அவள் தெளிவாக வேண்டாம் என்றாள்.

அவர் போனதும், மிச்சத்தையும் படி என்றாள். கடைசிப் பக்கம் முடிந்தபோது ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தாள். இந்தக் குறிப்பு தேறாது. எவர் பெயரில் இருக்கிறதோ அவரையே கேட்கவும். பதில் வராவிட்டால் அனுப்ப வேண்டாம். அவன் தட்டச்சு செய்து தோழிக்கு அனுப்பினான்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா."

தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாலை வெயில் ஜன்னல் கம்பிகளைத் தாண்டுவதற்குள் மூச்சு தடுமாறியது. செவிலி வலி தெரியாமலிருக்க ஊசி போட்டாள். இயந்திரம் வரவில்லை. அவன் பிடித்திருந்த கை எப்போது கனத்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. செவிலிதான் அவன் தோளைத் தொட்டாள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நிற்கும்போது தோழி அழைத்தாள். அந்த வரியை மாற்ற ஒத்துக்கொண்டார்களாம். காற்புள்ளியிடம் உடனே சொல்ல வேண்டுமாம். அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தான்.

"அக்கா போயிட்டா."

இருவரும் இணைப்பைத் துண்டிக்காமல் அப்படியே நின்றார்கள்.

மறுநாள் எல்லாம் முடிந்து, பேருந்தில் தனியாகத் திரும்பினான். பக்கத்து இருக்கையில் வேலை முடிந்து வந்த யாரோ ஒருவர், சீருடையில் சிமெண்ட் தூசியோடு, தூக்கத்தில் அவன் தோளில் சாய்ந்தார். அவன் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. கதவு திறந்து, சிலர் இறங்கி, மூடிக்கொண்டது. அவன் தோளை அசைக்கவில்லை.