வாசலோரம் உட்கார்ந்த தூதன்

1

கூடாரத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். வாசலுக்கு நேரெதிரே, அடுக்கிய மெத்தைகளுக்கு முன்னால் குடித்தலைவர் போருபாய். அவருக்கு இடப்புறம், புளித்த குதிரைப்பால் பையின் அருகே அவர் மனைவி அய்ம்கான். வலப்புறம் கானின் தலைநகர் கோக்கந்திலிருந்து வந்த எழுத்தர் முல்லா நியாஸ். வாசலோரம், கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில், கானின் தூதன் சத்திபால்தி.

(எங்கள் மலைப்பக்கம் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொல்லாமல் கதையைத் தொடங்கினால், கேட்பவர் எழுந்து தன் குதிரையைப் பார்க்கப் போய்விடுவார்.)

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓஷ் சந்தையில் ஆட்டுத் தரகர் ஒருவர் எனக்குச் சொன்னது ஒரே வரி: "குதிரைத் திருடன் ஒருத்தன் தூது போயி, தப்பான இடத்துல உக்காந்துட்டான்." மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'சத்திபால்தி பிறந்த அன்று மலையெல்லாம் பனி' – வேண்டாம். இங்கே எல்லாரும் பனியில் பிறந்தவர்கள்தான்.

அடுத்தது: 'பீரங்கி முழங்கியது, அவன் வலது காது' – இதுவும் வேண்டாம். ஆனால் காது வேண்டும்.

பல வருடம் குதிரை திருடினான், பிடிபட்டான். தூக்குமரமா, பீரங்கிப்படையா என்றார்கள். பீரங்கி என்றான். ஒரு முற்றுகையில் வலது காது செவிடானது. மலைப்பாதை தெரிந்தவன் என்று இப்போது தூது அனுப்பிவிட்டார்கள். கானுக்கும் போருபாய் குடிக்கும் நடக்கும் சண்டையை முடிக்கும் சமாதானக் கடிதத்தில் போருபாயின் முத்திரை விழுந்தால் பழைய குற்றங்களுக்கு மன்னிப்பு. விழாவிட்டால், தூக்குமரம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

3

விருந்தாளி உட்கார வேண்டியது தலைவர் பக்கத்தில். திருடனின் கால்களோ பழக்கத்தில் வாசலோரம் மடங்கிவிட்டன. அங்கிருந்து ஓடுவது சுலபம். கானின் தூதன் வாசலில் உட்கார்ந்தால் அந்த வீட்டை அவமதித்தான் என்றே பொருள். முல்லா நியாஸுக்கு முகம் வெளுத்தது.

"என்ன தூதரே, எங்க வீட்டுக் கம்பளம் குத்துதா?" என்றாள் அய்ம்கான்.

"இல்லக்கா. இங்க காத்து நல்லா வருது."

"காத்தா? வந்ததுலேர்ந்து வெளிய நிக்கிற குதிரைங்களையில்ல எண்ணிக்கிட்டிருக்கீரு!"

போருபாய் சிரிக்கவில்லை. "எங்கப்பாவோட சாம்பல் குதிரைய ஓட்டிட்டுப் போனவனும் விருந்தாளியா வந்து இப்படித்தான் வாசல்ல உக்காந்தானாம்."

(இங்கேதான் சத்திபால்தி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பொய்யிலேயே பிழைத்தவன் இப்போது உண்மை சொல்வானா? பொய் சொல்ல வைத்தும் எழுதிப் பார்த்தேன். அய்ம்கான் நம்பவே இல்லை.)

"அது நாந்தான் தலைவரே."

அடுப்பில் விறகு வெடித்தது.

"குதிரை எப்படி?" என்றார் போருபாய்.

"கடிக்கும்."

போருபாய் தொடையைத் தட்டிச் சிரித்தார். "எங்கப்பாவையும் கடிச்சுது! அது தொலைஞ்ச அன்னிக்கு அவரு ஆடு வெட்டி விருந்து வெச்சாருய்யா. மேல வந்து உக்காரு!"

4

இரு தரப்புக்கும் சண்டை அலுத்துப்போயிருந்தது. பேச்சு விரைவில் முடிந்தது.

"கடுதாசிய முல்லா கொண்டு போகட்டும். நீ இருந்து என் மந்தையப் பாத்துக்க. நீ காவலுக்கு நின்னா எந்தத் திருடன் வருவான்?" என்றார் போருபாய் சத்திபால்தியிடம்.

"கோக்கந்துல இவருக்குக் கான் பரிசாக் குடுக்கப்போற பட்டு அங்கி காத்திருக்குதுங்களே" என்றார் முல்லா.

"பட்டு அங்கி போட்டுக்கிட்டு எங்கிட்டு ஓடுவாரு?" என்றாள் அய்ம்கான்.

இரண்டு முடிவையும் எழுதிவிட்டேன். ஒன்றில் பட்டு அங்கியோடு அவன் அரண்மனை நடுக்கூடத்தில் உட்கார்கிறான். இன்னொன்றில் புல்வெளியில் யாருடைய குதிரையையும் திருடாமல் தூங்குகிறான். எதையும் கிழிக்க மனமில்லை. இரண்டிலும் அவன் நன்றாகத்தான் இருக்கிறான்.

வெளியே சேணம் பூட்டிய குதிரைகள் இரண்டு: ஒன்று முல்லாவுக்கு, இன்னொன்று சத்திபால்திக்கு. சத்திபால்தி இன்னும் இறைச்சியை மென்றுகொண்டிருக்கிறான். இரண்டாவது குதிரையின் சேணத்தை அவிழ்க்கச் சொல்வதா, வேண்டாமா? அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

போருபாய் மோதிரத்தில் மை தடவி அழுத்தினார். முல்லா கடிதத்தை மடித்து, அரக்கு வைத்து, அங்கிக்குள் செருகிக்கொண்டு குதிரையேறிக் கிளம்பினார்.