மரமில்லாத தீவின் பட்டை

ஆம்பூர் தோல் ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை வந்து இறங்கினால், என் வீட்டுக்காரர் அதாவுல்லா முதலில் ஒரு துண்டைக் கடித்துப் பார்ப்பார். துவர்ப்பில் நாக்கு இழுத்துப் பிடித்தால்தான் தோல் பதமாகும் என்பார். அந்தக் கெட்டிக்காரரை, கடல்நாய்த் தோலுக்கு உப்புப் போட என்று ஒரு கப்பல் துரை தெற்குக் கடலின் கோடியில் ஏதோ தீவுக்குக் கூட்டிப்போனார். ஆறு மாதம் என்று போனவர் பதினாலு மாதம் கழித்து வந்தார். முன்பல் ஒன்றைக் காணோம்.

“யாரு கூட சண்ட போட்டீங்க?” என்றேன்.

பெட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தார். பட்டையும் வளையமுமாகப் பார்வைக்கு அப்படியே மரம். தூக்கினால் இரும்புக் கனம்.

“அந்தத் தீவுல ஒரு மரம்கூட கெடையாது சுகரா. சதா காத்துதான். ஒரு காலத்துல காடா இருந்துச்சாம். எரிமலைக் குழம்பு மூடி மரமெல்லாம் கல்லாப் போச்சுன்னு துரை அப்புறமாத்தான் சொன்னாரு.”

“அப்புறமான்னா?”

“பட்டையைப் பாத்ததும் ஊர் ஞாபகம் வந்துடுச்சு. கடிச்சிட்டேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “கல்லைக் கடிக்கத் தெரிஞ்சுது, ஒரு கடுதாசி போடத் தெரியலியா? இனிமே உங்களுக்குக் கறியை யாரு கொத்திப் போடுறது?” என்று கத்திக்கொண்டே கறியைப் பொடியாகக் கொத்தினேன்.

அவர் தொழுகைக்குக் கிளம்பிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கல்லை எடுத்து நானும் மெல்லக் கடித்துப் பார்த்தேன்.